தலையங்க இங்கிலீஷ்

நாகர்கோவிலில் நான் போகிற வாசகசாலையில் இங்கிலீஷ் தினசரியின் நடுப்பக்கம் மட்டும் மத்தியானத்துக்குள் கசங்கிவிடும். மற்றப் பக்கங்கள் மடிப்புக் கலையாமல் கிடக்கும். கசங்கிய பக்கத்தில் தலையங்கத்தின் மேல் பென்சில் கோடுகள். ஒரே சொல்லின் கீழ் மூன்று பேர் மூன்று தினுசாகக் கோடு போட்டிருப்பார்கள். ஒரு வாக்கியம் முழுவதையும் கோடிட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. தலையங்கம் ஒரு அபிப்பிராயம் சொல்கிறது, அதற்கு ஒப்பவோ மறுக்கவோ செய்யலாம் என்பது அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாருடைய கவலையும் அல்ல. அவர்கள் பாங்க் பரீட்சைக்கும் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கும் படிக்கிறவர்கள். சொல் எடுக்க வந்தவர்கள்.

அவர்களில் ஒரு பையன் தன் நோட்டை விட்டுவிட்டு வெளியே டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் அதைப் புரட்டினேன். பிறர் நோட்டைப் பார்ப்பது நாகரிகமல்ல. ஆனால் விமர்சகனின் தொழிலே அதுதான். இரண்டு பத்தி. இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ். எம்பெஸில்மென்ட், மிஸ்அப்ரோப்ரியேஷன், டிஃபால்கேஷன், பெக்யுலேஷன், ஸைஃபன் ஆஃப். ஐந்துக்கும் எதிரே தமிழில் ஒரே சொல்: கையாடல். முதல் வரியில் முழுதாக எழுதி, அடுத்த நான்கிலும் மேற்படிக் குறி போட்டிருந்தான்.

இந்த மேற்படிக் குறிதான் இக்கட்டுரையின் விஷயம்.

தமிழ் ஏழை, இங்கிலீஷ் பணக்காரன் என்று இதைப் படிப்பது சுலபம். ஆனால் அந்தப் பையன் வீட்டு முற்றத்தில் நின்று, குளத்து மராமத்துப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், கையாடல் என்ற சொல் யார் வாயிலும் வராது. தின்னுட்டான் என்பார்கள். முழுங்கிட்டான் என்பார்கள். தொகை பெரிதானால் ஏப்பம் விட்டுட்டான். கொஞ்சம்போல் எடுத்தவன் நக்கிட்டான். வந்ததையெல்லாம் எடுத்தவன் வாரிச் சுருட்டிட்டான். தொகை, தைரியம், வெட்கம் ஆகிய மூன்றையும் அளந்து சொல்லும் வினைச்சொற்கள் இவை. எல்லாம் சோற்றைச் சுற்றி வருகின்றன என்பது கவனிக்கத் தக்கது. ஊர்ச் சொத்து என்பது இலையில் இருக்கும் சோறு. ஒருத்தன் தின்றால் இன்னொருத்தனுக்கு இல்லை. பெக்யுலேஷன் என்ற சொல்லின் அடியிலும் லத்தீனில் கால்நடைதான் நிற்கிறது. தமிழிலும் மாடு என்றால் செல்வம்தான். பையனின் பாட்டிக்கும் ரோமாபுரிக்காரனுக்கும் இருக்கும் இந்த உறவு நோட்டில் ஏறவில்லை. ஏறினால் மதிப்பெண் கிடைக்காது.

ஊழல் என்ற சொல்லைக்கூட நாம் யோசித்ததில்லை. ஊழ்த்தல் முதிர்ந்து பதனழிவதைச் சொல்லும். ஊழல் அழுகல். மலையாளத்துக்காரனுக்கு அது அழிமதி; லஞ்சம் கைக்கூலி. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த நம் ஜில்லாவில் வயசானவர்கள் இன்றும் கைக்கூலி என்பதே சகஜம். மாயவரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை 1859ல் நீதிநூல் எழுதியபோது அவரும் கைக்கூலி என்றே தலைப்பிட்டார். கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தந்தவர் அவர். வழக்கு தாய்மொழியில் நடக்கவேண்டும் என்பதைத் தம் நாவலுக்குள்ளேயே வாதமாக வைத்தவர். குற்றம் எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியில் அது விசாரிக்கப்படவில்லை என்பதை நமக்கு முன்னாலேயே ஒரு நீதிபதி கண்டுகொண்டுவிட்டார்.

மாமூல் இன்னொரு தினுசு. அரபியிலிருந்து உருது வழி வந்தது. வழக்கமானது என்பதுதான் பொருள். பழைய பாசன தஸ்தாவேஜுகளில் மாமூல் பாசனம் என்று வரும். காலங்காலமாகத் தண்ணீர் பாய்ந்த உரிமை அது. உரிமையைச் சொன்ன சொல்லே லஞ்சத்தையும் சொல்லலாயிற்று என்பதில் நம் சமூக சரித்திரத்தில் பாதி இருக்கிறது. வழக்கமாகிவிட்டது எல்லாம் உரிமை. இதற்குச் சரியான இங்கிலீஷ் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே தலையங்கத்துக்குள் மாமூல் வருவதும் இல்லை. தலையங்கத்தில் ஊழல் எப்போதும் அதிர்ச்சி தருகிறது, மாமூலாக இருப்பதில்லை.

என் கதையைச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது. 1976ல் நான் இங்கே ஒரு காலேஜில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். என் இங்கிலீஷ் முழுவதும் அம்மாவின் அண்ணன் கொடுத்தது. மாமா சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. சாயங்காலம் திண்ணையில் தினசரியை விரித்து, பக்கத்தில் லிஃப்கோ அகராதியை வைத்துக்கொண்டு, தலையங்கத்தை உரக்க வாசிக்கச் சொல்வார். அவர் கையில் சிவப்புப் பென்சில். அந்த வருஷம் ஜனவரி 31ல் இங்கே தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டு, அதன் மேல் வந்த புகார்களை விசாரிக்க சர்க்காரியா கமிஷன் போடப்பட்டிருந்தது. ஊழல் சம்பந்தமான இங்கிலீஷுக்குப் பஞ்சமில்லாத வருஷம்.

ஒரு நாள் கிராட்டிஃபிகேஷன் என்ற சொல். இந்தியன் பீனல் கோடில் அப்போது 161ம் பிரிவு. பிறகு 1988ல் வந்த சட்டத்துக்குள் போய்விட்டது. "எழுதிக்கோ மருமோனே. வெறுமனே திருப்திண்ணு போட்டுராதே. சர்க்கார் உத்தியோகஸ்தன் சம்பளம் இல்லாம வாங்குகது. இல்லீகல் சேத்துச் சொல்லணும். பரீட்சைக்கு வரும்" என்றார் மாமா. எழுதிக்கொண்டேன். திண்ணை மூலையில் ஒரு ஏத்தன் குலை சார்த்தி வைத்திருந்தது. அன்று காலையில் கன்ட்ராக்டர் ஆள் கொண்டுவந்து இறக்கியது. என் காலேஜ் பீஸில் ஒரு பகுதி அப்படியே வந்தது என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்தச் சொல்லுக்கும் அந்தக் குலைக்கும் ஏதாவது சம்பந்தம் இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அது வேஷம் என்று நினைக்காதீர்கள். மாமா வேஷக்காரர் அல்ல. சொல் டெல்லியிலும் மெட்ராஸிலும் நடப்பதைக் குறித்தது. குலை வீட்டில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மேற்படிக் குறி போட ஒரு மொழியும் கற்றுத்தரவில்லை.

இன்னொன்றும் பிற்பாடுதான் உறைத்தது. அது எமர்ஜென்ஸிக் காலம். 1975 ஜூன் 28ல் இந்தியன் எக்ஸ்பிரஸ் டெல்லிப் பதிப்பில் தலையங்கம் இருக்கவேண்டிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள். அதை நான் வெகுநாள் கழித்துப் புகைப்படத்தில்தான் பார்த்தேன். நாங்கள் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்த மாதங்களில் தணிக்கை இருந்தது. கலைக்கப்பட்ட ஆட்சியின் ஊழலைப் பற்றி எழுதலாம். ஆளுகிற அதிகாரத்தின் கூத்தை எழுத முடியாது. ஆக நாங்கள் கற்றது ஊழல் பற்றிய இங்கிலீஷ்கூட அல்ல, ஊழல் பற்றி அனுமதிக்கப்பட்ட இங்கிலீஷ். அந்த வெள்ளைக் கட்டத்தை மாமாவிடம் நீட்டியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். சொல் இல்லாத தலையங்கத்தில் அவருக்கு வேலை இருந்திருக்காது. பக்கத்தைத் திருப்பியிருப்பார்.

தலையங்கத்தின் இந்த இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது? இலக்கியம் படித்தவர்கள் யோசிக்கவேண்டிய கேள்வி இது; ஏனென்றால் பதில் இலக்கியத்தில் இருக்கிறது. 1785 பிப்ரவரி 28ல் எட்மண்ட் பர்க் பார்லிமெண்டில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றிப் பேசினார். கம்பெனி உத்தியோகஸ்தர்கள் நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்து, வட்டிக்கு ஈடாகச் சீமைகளின் வரியையே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதில் பெரிய கை பால் பென்ஃபீல்டு. அந்தப் பேச்சில் பர்க் கர்நாடகச் சீமையின் ஏரி குளங்களைப் பற்றி நிறையச் சொல்கிறார்: யார் வெட்டினார்கள், எதற்காக வெட்டினார்கள், தூர்ந்துபோனால் என்ன ஆகும் என்று. பிறகு வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் விசாரணை, 1788லிருந்து 1795 வரை. மெக்காலே 1841ல் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத, பர்க்கும் மெக்காலேயும் நம் காலேஜ்களில் பாடமானார்கள். அந்த இருவரையும் மனப்பாடம் செய்த தலைமுறைதான் மெட்ராஸில் உட்கார்ந்து இங்கிலீஷ் தலையங்கம் எழுதத் தொடங்கியது. 1878ல் தி ஹிந்துவைத் தொடங்கியவர்கள் இருபது சொச்சம் வயசு இளைஞர்கள். அவர்கள் காதில் ஓடிய தாளம் யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

ஆக, ஊழலைச் சாடும் அந்த கனத்த இங்கிலீஷ், முதலில் தமிழ்க் குடியானவன் கட்டிய வரியின் மேல் கட்டப்பட்டது. அவனுடைய குளத்தைப் பற்றிய பேச்சு அவனுக்குத் தெரியாத மொழியில் சிகரம் எட்டி, பாடப்புத்தகமாகி, இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகி, அவனுடைய பேரப்பிள்ளை நோட்டில் ஐந்து சொற்களாக வந்து நிற்கிறது. வலப்பக்கப் பத்தியில் அவனுக்கு இடமில்லை. பர்க் பேசியும் அன்றைய தீர்மானம் தோற்றது. ஹேஸ்டிங்ஸ் விடுதலையானார். பர்க்கின் உறவினர் வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவுக்கு லண்டனில் ஏஜென்டாக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஏத்தன் குலை எல்லார் திண்ணையிலும் உண்டு. இதனால் பர்க்கின் பேச்சு பொய்யாகிவிடாது. அதன் வாக்கியங்களில் குளம் இருக்கிறது, வரப்பு இருக்கிறது, வற்றல் இருக்கிறது. கண்ணால் காணாத தேசத்தைக் கற்பனையால் கண்டவன் எழுதியது அது. பிறகு வந்த தலையங்கக்காரர்கள் அந்தக் குளத்தை விட்டுவிட்டு தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆர்வெல் 1946ல் அரசியலும் இங்கிலீஷும் பற்றி எழுதிய கட்டுரையில் செத்த உருவகங்களைப் பற்றிச் சொன்னது நம் வட்டத்தில் எல்லாருக்கும் பரிச்சயம். பனிப்பாறையின் நுனி என்பார்கள் தலையங்கத்தில். பனிப்பாறையை நாஞ்சில் நாட்டில் கண்டவர் யார்? பையன் அதையும் எழுதி வைத்திருக்கிறான். 1992ல் பம்பாய்ப் பங்குச் சந்தை விவகாரம் வெடித்தபோது ஸ்காம் என்ற சொல் இங்கே குடியேறியது; அமெரிக்கக் கொச்சை, இன்று எல்லா இந்திய மொழியிலும் கிடக்கிறது. 2010ல் அலைக்கற்றை விஷயத்தில் தணிக்கை அதிகாரியின் அறிக்கை வந்து பிரிசம்ப்டிவ் லாஸ் வந்தது, 1,76,000 கோடி என்ற எண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு. 2017 டிசம்பர் 21ல் தனிக்கோர்ட்டு எல்லாரையும் விடுவித்தது. அப்பீல் வேறு கதை. சொல் மட்டும் நோட்டில் பத்திரமாக இருக்கிறது. சொல்லுக்கு விடுதலையும் இல்லை, தண்டனையும் இல்லை.

இங்கிலீஷில்தான் இப்படி, தாய்மொழித் தலையங்கம் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஜில்லாவுக்குப் பக்கத்து நெய்யாற்றின்கரைக்காரர் ராமகிருஷ்ண பிள்ளை. வக்கம் மௌலவி தொடங்கிய சுதேசாபிமானிக்கு 1906ல் ஆசிரியரானார். திவான் ராஜகோபாலாச்சாரியின் நிர்வாகத்தையும் ஊழலையும் மலையாளத்தில் தோலை உரித்தார். 1910 செப்டம்பர் 26ல் அச்சகம் பறிமுதல், அவருக்கு நாடு கடத்தல். போலீஸ் காவலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி திருநெல்வேலிச் சீமையில் கொண்டு விட்டார்கள். 1916ல் கண்ணனூரில் இறந்தார். தாம் நாடு கடத்தப்பட்டதைப் பற்றி ஒரு புத்தகம், பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஒன்று, கார்ல் மார்க்ஸைப் பற்றி ஒன்று எழுதியிருக்கிறார். அந்தச் சொற்களைக் கேட்டவர்கள் பென்சில் எடுக்கவில்லை. திவான் போலீஸை அனுப்பினார். சொல் தைத்த இடம் தெரிகிறது. ஆனால் இதே மனிதர், புலையர் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் உட்காரவைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்று எழுதினார். திவானின் அழுகலைக் கண்ட கண் அதைக் காணவில்லை. கூர்மையான சொல் எல்லாப் பக்கமும் கூர்மையாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவரைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒட்டி மறைப்பதும், திட்டுகிறவர்கள் ஆரல்வாய்மொழியை மறப்பதும் ஒரே சோம்பேறித்தனம்.

தமிழில் ஏ.என். சிவராமன் இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் தினமணி. ஒண்ணேகால் ஏக்கர் பேர்வழி என்று புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதத் துணிந்த ஆசிரியர் இங்கிலீஷ் பத்திரிகையில் இருக்க முடியாது. ஒண்ணேகால் ஏக்கர்க்காரனுக்கு விஷயம் புரியவேண்டும் என்ற பிடிவாதம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. வருமானத்துக்கு அதிகமான சொத்து என்ற தொடர் டீக்கடையில் எல்லாருக்கும் புரிகிறது என்றால், அப்படிப்பட்ட தமிழ் எங்கோ உழுது போட்ட வயல் இருந்ததால்தான். ஆனால் தமிழ்த் தலையங்கமும் வரவர நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும், கண்டிக்கத்தக்கது என்று எழுவாயை விழுங்கிவிட்டது. யார் எடுக்கவேண்டும்? யாரை? கேட்டால் பதில் இல்லை.

இனி நமக்கு வருவோம். பையனைப் பார்த்துச் சிரிக்கும் யோக்கியதை நமக்கு உண்டா? எழுத்து 1959ல் வந்ததிலிருந்து நாம் சேர்த்த விமர்சனச் சொற்களைப் பாருங்கள். அந்நியமாதல், இருத்தலியம், அபத்தம், படிமம், பிரக்ஞை. இவற்றில் எத்தனை அனுபவத்தின் கழுத்தைப் பிடித்து வந்தவை, எத்தனை இங்கிலீஷ் மதிப்புரைகளில் பென்சில் கோடு போட்டு எடுத்தவை? நானும்தான். காம்யூவைப் படிக்குமுன் அபத்தம் என்ற சொல்லை இரண்டு கட்டுரைகளில் பிரயோகித்திருக்கிறேன். அதற்கும் ஒரு பரீட்சை இருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சபையில் தேறவேண்டிய பரீட்சை. என் முதல் கட்டுரையைப் படித்த நண்பர் ஒருவர், தலையங்கம் மாதிரி இருக்கு என்று கார்டு எழுதினார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சொல் முதலில், அனுபவம் பிறகு என்பது எப்போதும் தப்பு என்று சொல்லமாட்டேன். சொல் கையில் இருந்தால் ஒரு நாள் விஷயம் வந்து அதில் உட்காரலாம். கிராட்டிஃபிகேஷன் எனக்கு அப்படித்தான். மாமா செத்துப் பல வருஷம் கழித்து, ஒரு பட்டா பெயர் மாற்றத்துக்காக நான் ஒரு ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். மூன்றாவது தடவை. உள்ளே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சொல்லல்லியே" என்றார். அவ்வளவுதான். குரலில் மரியாதை, பிரியம்கூட. அந்தக் கணத்தில் திண்ணை மூலையில் சார்த்தியிருந்த குலை கண்ணுக்கு வந்தது. பழுத்து, ஒரு பக்கம் கறுத்து. நாற்பது வருஷத்துக்கு முன் எழுதிய சொல் அப்போதுதான் பொருள்பட்டது. பொருள்பட்டதே தவிர, என்னை நிமிர்த்தவில்லை. கொடுத்தேன். இருநூறு ரூபாய். சிறுபத்திரிகைக்காரன் கொடுக்கமாட்டான் என்று யாராவது நினைத்திருந்தால் மன்னிக்கவும்.

ஒரு புளியமரத்தின் கதை 1966ல் வந்தது. நகராட்சி, தேர்தல், வியாபாரப் போட்டி, பத்திரிகை, நடுவே ஒரு மரம். அதில் ஊழல் உண்டு, தலையங்கம் இல்லை. மரத்தைச் சுற்றி ஒவ்வொருவனும் தன் கணக்கைப் போடுவதைக் காட்டிவிட்டு சுந்தர ராமசாமி நகர்ந்துவிடுகிறார். அந்த நாவலிலிருந்து நோட்டில் எழுத ஒரு சொல்லும் கிடைக்காது. நம் ஊர் நாவல் ஒன்று அப்படி இருக்கிறது என்பதை அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் பரீட்சைக்கு வருமா என்பார்கள். வராது.

பையன் டீ குடித்துவிட்டு வந்தான். நோட்டை நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான். கோபப்படவில்லை, என்னை வாத்தியார் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"ஸார், இம்ப்யூனிட்டிக்குத் தமிழ் என்ன போடலாம்? அகராதியில தண்டனையின்மைண்ணு இருக்கு. சரியா வரல்ல."

யோசித்தேன். தண்டனை அச்சமின்மை என்றேன். எனக்கே நாராசமாக இருந்தது. விலக்குரிமை என்றேன். அது வேறு. ஜன்னல் பக்கம் பேப்பர்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்த வாசகசாலைப் பணியாள், திரும்பாமலே, "கேக்க ஆளில்லேண்ணு போடும் பிள்ளே" என்றார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். எழுதிக்கொண்டான். பிறகு அடுத்த சொல்லைப் படித்தான், எங்கள் இருவருக்கும் சேர்த்து: நெக்ஸஸ்.

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பூட்டுகிற நேரமாகிவிட்டது என்று ஜன்னல்களைச் சாத்தத் தொடங்கினார்.